பவர் விண்டோ: எந்தக் கண்ணாடி திரும்பி இறங்கும், எது இறங்காது

இதை வீட்டில் சோபாவில் சாய்ந்து படிப்பதைவிட, காரில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து படித்தால் நல்லது. அரை மணி நேரம் போதும். டிஷ்யூ பேப்பர் சுருள் தீர்ந்தபின் மிஞ்சும் அட்டைக் குழாய் நான்கைந்து இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். எதற்கென்று பிறகு சொல்கிறேன். டேஷ்போர்டு பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் காரின் கையேடு கிடக்கும். அதையும் எடுத்து மடியில் வையுங்கள்.

மோட்டாரால் ஏறி இறங்கும் ஜன்னல் கண்ணாடிதான் பவர் விண்டோ. ஏறும்போது நடுவில் ஏதாவது சிக்கினால் அதை உணர்ந்து கண்ணாடி திரும்பி இறங்கும் வசதிக்கு ஆன்ட்டி-பின்ச் என்று பெயர். புதிதாகக் கார் வாங்கியவரிடம் "கண்ணாடிக்கு ஆன்ட்டி-பின்ச் உண்டா?" என்று கேட்டால், "உண்டே" என்று சட்டென்று பதில் வரும். "எந்தக் கண்ணாடிக்கு?" என்று அடுத்துக் கேட்டால் விழிப்பார். நானும் அப்படி விழித்தவன்தான். நான்கு கண்ணாடியும் ஒரே மாதிரிதான் ஏறி இறங்குகின்றன. அதனால் நான்கும் ஒரே அளவு பத்திரமானவை என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். நிறைய கார்களில் டிரைவர் பக்கத்துக் கண்ணாடி ஒன்றுதான் இடையில் கை சிக்கினால் உணர்ந்து திரும்பி இறங்கும். மற்ற மூன்றும் எது குறுக்கே வந்தாலும் நெரித்துக்கொண்டே மேலே போகும். குழந்தைகள் உட்காருவது பின் சீட்டில். உங்கள் காரில் எந்தக் கண்ணாடி எப்படி என்று இன்றே தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குத்தான் இந்த அரை மணி நேரம்.

கதவுக்குள் என்ன இருக்கிறது

கதவுக்குள் உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கு ஒரு 12 வோல்ட் மோட்டார். அது ரெகுலேட்டர் என்ற அமைப்பைச் சுழற்றும். ரெகுலேட்டர் சில கார்களில் கத்தரிக்கோல் மாதிரி விரிந்து சுருங்கும் இரும்புக் கைகள். இன்றைய பல கார்களில் கப்பியில் ஓடும் மெல்லிய எஃகுக் கம்பி. மோட்டாருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே வார்ம் கியர் என்று ஒரு பல்சக்கரம், திருகு போல மரை போட்டது. மோட்டார் அதைச் சுழற்றலாம். எதிர்ப்பக்கத்திலிருந்து யாரும் அதைச் சுழற்ற முடியாது. திருடன் கண்ணாடியைக் கையால் அழுத்திக் கீழே இறக்க முடியாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

அதே காரணத்தால்தான் கண்ணாடியில் சிக்கியவரும் அதைத் தள்ளிவிட முடியாது. குழந்தையின் கை சிக்கிவிட்டால் பெரியவர் ஒருவர் முழுப் பலத்தோடு கண்ணாடியைக் கீழே அழுத்தினாலும் அது அசையாது. முதல் நொடியில் எல்லோரும் செய்வது அதுதான், வீண் வேலை. சுவிட்சைக் கீழ்நோக்கி அழுத்துவது ஒன்றே வழி. இதை வீட்டில் காரில் ஏறும் எல்லோரிடமும் ஒரு முறை சொல்லி வையுங்கள்.

(பவர் விண்டோ நேற்று வந்த வசதியும் இல்லை. அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம் தன் 1941 மாடல் சொகுசுக் காரிலேயே கொடுத்துவிட்டது. அது எண்ணெய் அழுத்தமும் மின்சாரமும் சேர்ந்து இயங்கியது.)

முதல் வேலை: சுவிட்சின் வடிவத்தைப் பாருங்கள்

கதவில் இருக்கும் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். கண்ணாடியை ஏற்ற என்ன செய்ய வேண்டியிருக்கிறது? விரல் நுனியை அடியில் கொடுத்து மேல்நோக்கி இழுக்க வேண்டுமென்றால் நல்ல வடிவம். தப்பித்தவறி முழங்கை பட்டாலும் குழந்தையின் முழங்கால் பட்டாலும் அது கீழ்நோக்கித்தான் அழுந்தும், கண்ணாடி இறங்கும். பிழை நடந்தாலும் நல்ல பக்கமாகவே நடக்கும்.

பழைய கார்களில் வேறு வகை உண்டு. ஊஞ்சல் பலகை மாதிரி ஒரு முனையை அழுத்தினால் ஏறும், மறுமுனையை அழுத்தினால் இறங்கும். முன்னும் பின்னும் தள்ளும் குமிழ் வகையும் உண்டு. இரண்டுமே ஆபத்தானவை. அக்காவின் மகனுக்கு அப்போது நான்கு வயது. கிளம்பும் நேரத்தில் பின் சீட்டில் எழுந்து, கதவில் கை வைக்கும் திண்டின் மேல் ஒரு முழங்காலை ஊன்றி, தலையை வெளியே நீட்டி டாட்டா காட்டினான். சுவிட்ச் இருந்தது அந்தத் திண்டிலேயே. அவன் முழங்கால் அதன் ஏற்றும் முனையில் அழுந்தியது. அவன் கழுத்தை நோக்கிக் கண்ணாடி ஏறியது. அவனுக்குத் தெரியவில்லை, டாட்டா காட்டிக்கொண்டே இருந்தான். மோட்டார் சத்தம் எனக்குக் கேட்டதால் முன்னால் இருந்த சுவிட்சை அழுத்தி இறக்கிவிட்டேன். எஞ்சின் சத்தத்தில் அது கேட்காமல் போயிருக்கலாம்.

இந்த மாதிரி விபத்துகளால்தான் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2004இல் விதியைத் திருத்தியது. குழந்தையின் முழங்காலுக்குப் பதிலாக 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள உலோகக் குண்டு ஒன்றைச் சுவிட்சின் மேல் வைத்து அழுத்திப் பார்ப்பார்கள், கண்ணாடி ஏறக்கூடாது. அதன்பின், 2010 அக்டோபர் முதல் அங்கே விற்கத் தயாராகும் வண்டிகளில் இழுத்தால்தான் ஏறும் வகைச் சுவிட்ச் கட்டாயமானது. உங்களுடையது பழைய கார் என்றால், அல்லது செகண்ட் ஹேண்டில் வாங்கியது என்றால், இதை முதலில் பார்த்துவிடுங்கள். ஊஞ்சல் வகை என்றால் அடுத்து வரும் பகுதி உங்களுக்கு இரண்டு மடங்கு முக்கியம்.

லாக் பட்டன்

டிரைவர் கதவில் மற்ற சுவிட்சுகளுக்கு நடுவே, கண்ணாடி படத்தின் மேல் குறுக்குக் கோடு போட்டது மாதிரி ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் பின் கதவுகளில் உள்ள சுவிட்சுகள் செயலிழக்கும். விலை குறைந்த மாடலிலும் இருக்கும் வசதி, சென்சார் எதுவும் வேண்டாம், பழுதாவதும் அபூர்வம். என்னைக் கேட்டால் பவர் விண்டோவின் பாதுகாப்பு வசதிகளில் முதல் இடம் இதற்குத்தான். ஆனால் பலரும் அதை ஒரு முறைகூட அழுத்திப் பார்த்ததில்லை.

இப்போது அழுத்துங்கள். பிறகு இறங்கிப்போய் ஒவ்வொரு கதவிலும் உட்கார்ந்து சுவிட்சை இழுத்துப் பாருங்கள். பார்க்க வேண்டியது மூன்று. பின் கதவுகள் இரண்டும் பூட்டப்பட்டதா? முன் சீட்டில் பக்கத்தில் உட்காருபவரின் சுவிட்சும் பூட்டப்பட்டதா, இல்லை அது மட்டும் தனியாக இயங்குகிறதா? லாக் போட்டபின் டிரைவர் தன் இடத்திலிருந்து பின் கண்ணாடிகளை இயக்க முடிகிறதா? கடைசிக் கேள்விக்குக் காருக்குக் கார் பதில் மாறும். பெரும்பாலானவற்றில் டிரைவருக்கு அதிகாரம் தொடரும். சிலவற்றில் அவருடைய கண்ணாடி மட்டும்தான் இயங்கும். ஆபத்து நேரத்தில் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் இல்லை இது.

இதைச் சைல்டு லாக்கோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. சைல்டு லாக் என்பது பின் கதவின் ஓரத்தில், கதவைத் திறந்தால் மட்டுமே தெரியும் ஒரு சின்ன நெம்பு. அதைப் போட்டால் உள்ளேயிருந்து கதவைத் திறக்க முடியாது. கண்ணாடிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. குழந்தைகள் இருந்தால் இரண்டையும் போட வேண்டும். நாயைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கும் இதே யோசனைதான்: தலையை வெளியே நீட்டி நிற்கும் நாய் முன்னங்காலை ஊன்றும் இடத்தில்தான் சுவிட்ச் இருக்கிறது.

எந்தச் சுவிட்சில் 'ஆட்டோ'?

சுவிட்சுகளை உற்றுப் பாருங்கள். சிலவற்றில் 'ஆட்டோ' என்று பொறித்திருக்கும். ஒரு முறை இழுத்து விட்டால் கண்ணாடி தானாக முழுவதும் ஏறும் என்று அர்த்தம். ஆனால் இங்கே ஒரு சிக்கல்: சில கார்களில் அந்த 'ஆட்டோ' இறக்குவதற்கு மட்டும்தான், ஏற்றுவதற்குக் கையை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எழுத்தை நம்பாமல் இயக்கிப் பாருங்கள். சுவிட்சில் இரண்டு படி உண்டு. லேசாக இழுத்தால் முதல் படி, பிடித்திருக்கும்வரைதான் ஏறும். அழுத்தி இழுத்தால் ஒரு 'டிக்' உணர்வோடு இரண்டாம் படி. விட்ட பிறகும் ஏறிக்கொண்டே போகும்.

தானாக ஏறும் கண்ணாடியில் ஆன்ட்டி-பின்ச் இருப்பதுதான் வழக்கம். தானாக ஏறாத கண்ணாடியில் பெரும்பாலும் இருக்காது. அங்கே உங்கள் விரல்தான் பாதுகாப்பு: பார்த்துக்கொண்டே ஏற்ற வேண்டும், ஏதாவது தெரிந்தால் விட்டுவிட வேண்டும். எல்லாக் கண்ணாடிக்கும் ஆன்ட்டி-பின்ச் கட்டாயம் என்று அமெரிக்காவில் விதி கொண்டுவரும் யோசனை இருந்தது. 2011இல் அதைக் கைவிட்டார்கள். ஆகவே "சட்டப்படி எல்லா ஜன்னலுக்கும் இருக்குமே" என்ற நினைப்பை விட்டுவிடுங்கள்.

அட்டைக் குழாய்ச் சோதனை

இப்போது குழாய்கள். காரை வெட்டவெளியில் நிறுத்தி எஞ்சினை ஓடவிடுங்கள். மூடிய ஷெட்டுக்குள் வேண்டாம், புகை ஆபத்து. குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது; பார்த்தால் அவர்களும் செய்து பார்ப்பார்கள், குழாய்க்குப் பதில் கையை வைத்து.

கண்ணாடியைப் பாதி இறக்குங்கள். குழாயின் ஒரு முனை காருக்குள்ளும் மறுமுனை வெளியிலும் இருக்கும்படி ஜன்னல் சட்டத்தின் மேல்விளிம்பில் வைத்து, செல்லோ டேப்பால் ஒட்டுங்கள். கையால் பிடித்துக்கொள்ள வேண்டாம். இப்போது சுவிட்சை அழுத்தி இழுத்து, விட்டுவிடுங்கள்.

கண்ணாடி ஏறும். குழாயைத் தொடும். மோட்டாரின் சுருதி ஒரு கணம் கனத்து, குழாயின் அடிப்பக்கம் லேசாகக் குழியும். அந்த நொடியிலேயே கண்ணாடி நின்று, 'விர்ர்' என்று கீழே இறங்கினால் உங்கள் ஆன்ட்டி-பின்ச் வேலை செய்கிறது. குழாயைக் கழற்றிப் பாருங்கள், விரலால் அழுத்தியது மாதிரி ஒரு பள்ளம்தான் இருக்கும்.

ஆன்ட்டி-பின்ச் இல்லாத கண்ணாடியில் இதையே செய்தால் (தானாக ஏறாது என்றால் சுவிட்சைப் பிடித்தபடியே ஏற்றினால்) குழாய் நாடா மாதிரித் தட்டையாகிவிடும். என் காரில் பின் கண்ணாடி அப்படித்தான் செய்தது. அந்தத் தட்டைக் குழாயை வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். ஆயிரம் முறை "கையை உள்ளே வை" என்று சொன்னதைவிட அது நன்றாக வேலை செய்தது.

சோதனை முடியவில்லை. அதே கண்ணாடியில் புதுக் குழாய் வைத்து, இந்த முறை சுவிட்சை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருங்கள். சில கார்களில் தானாக ஏறும்போது மட்டும்தான் ஆன்ட்டி-பின்ச் வேலை செய்யும். பிடித்து ஏற்றினால் "டிரைவர் தெரிந்துதான் செய்கிறார்" என்று கார் நினைத்துக்கொள்ளும். இன்னும் சிலவற்றில் கண்ணாடி ஒரு முறை திரும்பி இறங்கிய சில நொடிகளுக்குள் மறுபடி இழுத்தால், இரண்டாம் முறை கூடுதல் பலத்தோடு அல்லது உணர்வே இல்லாமல் ஏறும். பனி உறைந்து ரப்பரில் ஒட்டிக்கொண்ட கண்ணாடியை எப்படியாவது மூட வேண்டுமென்று வைத்த வழி அது. எதுவென்று தெரியாமல் "ஏன் இறங்குது?" என்று எரிச்சலில் திரும்பத் திரும்ப இழுக்கும் பழக்கம்தான் ஆபத்து. கண்ணாடி தானாக இறங்கினால், முதலில் திரும்பிப் பாருங்கள். அப்புறம் சுவிட்ச்.

நான்கு கண்ணாடியையும், டிரைவரின் சுவிட்சிலிருந்தும் அந்தந்தக் கதவின் சுவிட்சிலிருந்தும் சோதித்து, முடிவைக் கையேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒருபோதும் விரலையோ கையையோ வைத்துச் சோதிக்காதீர்கள். இணையத்தில் அப்படிச் செய்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஏன் கூடாது என்று அடுத்துச் சொல்கிறேன்.

அதற்கு எப்படித் தெரிகிறது, எங்கே தெரியாது

மோட்டாரின் அச்சில் சின்னக் காந்த வளையம் ஒன்றும் பக்கத்தில் காந்தத்தை உணரும் ஹால் சென்சார் ஒன்றும் இருக்கும். அச்சு சுழலச் சுழல சென்சாரில் துடிப்புகள் விழும். அவற்றை எண்ணியே கண்ணாடி எந்த உயரத்தில் இருக்கிறது என்று கன்ட்ரோலர், அதாவது மோட்டாரை இயக்கும் சின்ன மின்னணுப் பெட்டி, தெரிந்துகொள்கிறது. கண்ணாடியை ஏதாவது தடுத்தால் மோட்டார் வேகம் குறையும், துடிப்புகளுக்கு இடையேயான நேரம் நீளும், மோட்டார் இழுக்கும் கரண்ட் கூடும். எதிர்பார்த்ததைவிட அதிகமாக நீண்டால், "நடுவில் ஏதோ இருக்கிறது" என்று முடிவு செய்து திருப்பிவிடும். சில கார்கள் சென்சார் இல்லாமல் கரண்டின் ஏற்ற இறக்கத்தை மட்டுமே வைத்து இதைச் செய்கின்றன.

கவனித்தீர்களா? கன்ட்ரோலருக்குக் கண் கிடையாது. பொருள் மோதி, அழுத்தி, மோட்டார் திணறிய பிறகுதான் அதற்குத் தெரியும். அந்த அழுத்தத்துக்கு விதிகள் ஒரு மேல்வரம்பு வைத்திருக்கின்றன: 100 நியூட்டன். ஏறக்குறைய 10 கிலோ எடையைத் தூக்கி வைத்தது மாதிரி. பெரியவரின் முன்கைக்கு அது 'ஐயோ' என்று சொல்ல வைக்கும், அவ்வளவுதான். பச்சைக் குழந்தையின் கழுத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆகவே ஆன்ட்டி-பின்ச் இருந்தாலும் அடிபடாது என்று பொருள் இல்லை. அடி ஒரு அளவோடு நிற்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது, கடைசி இடைவெளி. கண்ணாடி முழுவதும் ஏறி மேல் ரப்பருக்குள் நுழையும்போது எப்படியும் தடை வரும். அங்கேயும் உணர்ந்து திரும்பினால் கண்ணாடி ஒருநாளும் மூடாது. அதனால் கடைசி 4 மில்லிமீட்டர் இடைவெளியில் இந்தப் பாதுகாப்பு தேவையில்லை என்று விதியே விட்டுவிடுகிறது. விதிப்படி சோதிக்கும் கம்பிகளும் 4 முதல் 200 மில்லிமீட்டர் தடிமன் வரைதான். நகத்தின் விளிம்பு, மெல்லிய துணி, நூல், கழுத்தில் போட்ட துப்பட்டாவின் நுனி, இவையெல்லாம் அந்த இடைவெளியில் மாட்டினால் கார் கண்டுகொள்ளாது.

பேட்டரி மாற்றிய நாள்

இதைத்தான் புதியவர்களுக்கு யாரும் சொல்வதில்லை, எனக்கும் சொல்லவில்லை. பேட்டரி பலவீனமாகி ஒரு ஒர்க்‌ஷாப்பில் மாற்றினேன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது, பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். வழியில் கண்ணாடியை ஏற்ற ஒரு முறை இழுத்து விட்டேன். கொஞ்சம் ஏறி நின்றுவிட்டது. மறுபடி, மறுபடி. சுவிட்ச் கெட்டுவிட்டது என்று நினைத்து, பிடித்தபடியே ஏற்றி இறக்கி இரண்டு வாரம் ஓட்டினேன். கெட்டது சுவிட்ச் இல்லை. பேட்டரியைக் கழற்றியதும் கண்ணாடியின் மேல்முனை எங்கே, கீழ்முனை எங்கே என்ற கணக்கை கன்ட்ரோலர் மறந்துவிட்டது. கணக்கு மறந்தால் தானாக ஏற்றும் வசதியை அது நிறுத்திவிடும். கூடவே ஆன்ட்டி-பின்ச்சும் போய்விடும். அந்த இரண்டு வாரமும் என் காரில் நெரிக்காத கண்ணாடி ஒன்றுகூட இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

பேட்டரியைக் கழற்றினாலும், அது முழுவதும் இறங்கிப்போனாலும், ஃபியூஸ் மாற்றினாலும், கதவைப் பிரித்து மோட்டாரைத் தொட்டாலும் இப்படி ஆகலாம். திரும்பக் கற்றுக்கொடுப்பது சுலபம். இக்னிஷனைப் போட்டு, கதவுகளை மூடி, கண்ணாடியை முழுவதும் இறக்குங்கள். பிறகு சுவிட்சை இழுத்துப் பிடித்து முழுவதும் ஏற்றுங்கள். ஏறி முடிந்த பிறகும் சில நொடிகள் விடாமல் பிடித்திருங்கள். பல கார்களுக்கு இதுவே போதும். சிலவற்றுக்கு இறக்கும்போதும் கடைசியில் பிடித்திருக்க வேண்டும், சிலவற்றுக்கு இரண்டு முறை செய்ய வேண்டும். எத்தனை நொடி என்பதும் மாறும், கையேட்டில் இருக்கும். ஆட்டோ உள்ள ஒவ்வொரு கண்ணாடிக்கும் தனித்தனியாக, அந்தந்தக் கதவில் உட்கார்ந்து செய்யச் சொல்லும் கார்களும் உண்டு. இதைச் செய்யும்போது பாதுகாப்பு இல்லை என்பதால் ஜன்னல் பக்கம் யாரும் இருக்கக் கூடாது. முடித்ததும் அட்டைக் குழாயை வைத்து ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

எதுவும் இல்லாமலே இறங்கினால்

நேர்மாறான தொல்லையும் வரும். நடுவில் ஒன்றுமே இல்லை, ஆனாலும் கண்ணாடி பாதி ஏறித் திரும்பி இறங்குகிறது. காரணம் அநேகமாகக் கண்ணாடி ஓடும் ரப்பர் பள்ளம். புழுதி சேர்ந்திருக்கும், அல்லது வெயிலில் காய்ந்து ரப்பர் கெட்டியாகியிருக்கும். கண்ணாடி அதில் உரசித் திணறுவதை கன்ட்ரோலர் தடையாக எடுத்துக்கொள்கிறது. ஈரத் துணியைக் குச்சியில் சுற்றிப் பள்ளத்தைத் துடைத்து, காய்ந்ததும் சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள். எஞ்சின் ஆயிலோ கிரீஸோ வேண்டாம்; ரப்பர் ஊதிப்போகும், புழுதியும் ஒட்டும். ஜன்னல் மேல் ஒட்டும் மழைத்தடுப்பான் பட்டை கண்ணாடியை அழுத்துகிறதா, வெயிலுக்கு மாட்டிய வலைத்துணி பள்ளத்துக்குள் சுருண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இந்தத் தொல்லைக்காக ஆன்ட்டி-பின்ச்சையே துண்டித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் வேறு மெக்கானிக்கைப் பாருங்கள். அதேபோல, காரைப் பூட்டியதும் எல்லாக் கண்ணாடியும் தானாக ஏறும்படி வெளியே வாங்கிப் பொருத்தும் மாட்யூல்கள் இருக்கின்றன. உங்கள் பின் கண்ணாடிகளுக்குத் தடையை உணரும் வசதியே இல்லை என்றால், அந்த மாட்யூல் யாரும் பார்க்காத நேரத்தில் அவற்றை முழுப் பலத்தோடு ஏற்றும். நான் பொருத்த மாட்டேன்.

எஞ்சினை அணைத்த பிறகு

சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாலும் பல கார்களில் கண்ணாடிக்கு மட்டும் கொஞ்ச நேரம் கரண்ட் இருக்கும். மறந்துபோன கண்ணாடியை மூடிவிட்டு இறங்க வசதியாக வைத்தது. பொதுவாக முன் கதவைத் திறந்ததும் அது துண்டிக்கப்படும், பெரியவர் இறங்கிவிட்டார் என்ற கணக்கில். பின் கதவைத் திறந்தால் துண்டிக்காது. உங்கள் காரில் எவ்வளவு நேரம், எந்தக் கதவு என்று பார்த்து வையுங்கள். எப்படியிருந்தாலும் "இதோ வந்துவிடுகிறேன்" என்று குழந்தையை உள்ளே விட்டுச் சாவியோடு காரை விட்டுப் போகக் கூடாது. பட்டன் ஸ்டார்ட் கார் என்றால் சாவி உங்கள் பையோடு இறங்கி வர வேண்டும்.

ரிமோட்டில் பூட்டும் பட்டனைப் பிடித்திருந்தால் கண்ணாடி ஏறும் வசதி இருந்தால், காரின் பக்கத்தில் நின்று நான்கு பக்கமும் பார்த்தபடி மட்டும் பயன்படுத்துங்கள். தானாகத் திரும்பி இறங்காத கண்ணாடி என்றால் இந்த ரிமோட் பொதுவாக 6 மீட்டருக்கு அப்பால் வேலை செய்யக் கூடாது என்று அமெரிக்க விதி சொல்வதும், ஆள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

கார் தண்ணீரில் இறங்கிவிட்டால்

இதுவரை கண்ணாடி ஏறுவதைப் பற்றிப் பேசினோம். இறங்காமல் போவதும் ஆபத்துதான். கார் ஆற்றிலோ குளத்திலோ விழுந்தால் உடனே மூழ்காது, சிறிது நேரம் மிதக்கும். வெளியே தண்ணீரின் அழுத்தம் கதவைத் திறக்க விடாது. திறந்தாலும் தண்ணீர் உள்ளே பாய்ந்து கார் வேகமாக மூழ்கும். வழி ஜன்னல்தான். பவர் விண்டோவின் மின்சுற்று தண்ணீர் பட்ட நொடியே செத்துவிடாது. முதல் ஒரு நிமிடத்துக்குள் அநேகமாக இயங்கும். தண்ணீர் ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டால் அதன் அழுத்தத்தில் கண்ணாடி இறங்காமல் போகும்.

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் ஆட்கள் உட்கார்ந்த கார்களைத் தண்ணீரில் இறக்கியே இதை ஆராய்ந்தவர். அவர் சொல்லும் வரிசை: சீட் பெல்ட்டைக் கழற்று, ஜன்னலைத் திற, வெளியே போ, குழந்தைகள் முதலில். போனில் உதவி கூப்பிடுவது இந்த வரிசையில் இல்லை. அதற்கு நேரமும் இல்லை. லாக் பட்டன் போட்டிருந்தால் பின்னால் இருப்பவர்கள் தாங்களாகத் திறக்க முடியாது என்பதும் நினைவில் இருக்கட்டும். சோதனையின்போது லாக் போட்டபின் டிரைவரால் பின் கண்ணாடியை இறக்க முடிகிறதா என்று பார்க்கச் சொன்னது இதற்காகவும்தான்.

ஜன்னல் இறங்கவில்லை என்றால் உடைக்க வேண்டும். சீட்டின் தலைச்சாய்வைக் கழற்றி அதன் கம்பியால் உடைக்கலாம், அதற்காகவே அது கழற்றும்படி செய்யப்பட்டிருக்கிறது என்று சுற்றிவரும் செய்தியை நம்பாதீர்கள்; அது அதற்காகச் செய்யப்பட்டதில்லை. ஸ்பிரிங் வைத்த சின்னக் கருவி ஒன்று கிடைக்கும், கண்ணாடியின் மூலையில் வைத்து அழுத்தினால் போதும். தண்ணீருக்குள் கையை ஓங்க முடியாததால் சுத்தியலைவிட அது மேல். ஆனால் வாங்கும் முன் உங்கள் பக்கக் கண்ணாடியின் மூலையில் பொறித்திருக்கும் எழுத்தைப் படியுங்கள். 'டெம்பர்டு' என்றால் உடைந்து மணிமணியாக உதிரும். 'லாமினேட்டட்' என்றால் நடுவே பிளாஸ்டிக் படலம் உண்டு, விரிசல் விடும், உதிராது. அமெரிக்காவின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2019இல் இப்படிப்பட்ட ஆறு கருவிகளைச் சோதித்தது. டெம்பர்டு கண்ணாடியை நான்கு உடைத்தன. லாமினேட்டட் கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை. முன் கதவில் ஒரு வகை, பின் கதவில் வேறு வகை என்று கலந்து வரும் கார்களும் இருப்பதால் நான்கு மூலையையும் பாருங்கள். எது உடையும் என்பதையும் அந்தக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கருவியை டிக்கியிலோ டேஷ்போர்டு பெட்டியிலோ வைக்காதீர்கள். சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்தபடியே கையை நீட்டிப் பாருங்கள், கை எட்டும் இடத்தில் மாட்டுங்கள்.